கேடயத் தகட்டில் ஒரு கை

அந்த ஷெட்டில் அவருக்குப் பெயர் சீச்சீ. பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று போய்க்கொண்டே இருப்பார். காலையில் ஷெட்டுக் கதவைத் தள்ளும்போது ஒரு சீ, ஏனென்றால் கைப்பிடியில் யாரோ கிரீஸ் கையை வைத்திருப்பார்கள். டீ கிளாஸின் விளிம்பைப் பார்த்து ஒரு சீ. மத்தியானம் வெல்டர் சாப்பாட்டு டப்பாவைத் திறப்பதற்கு முன்னாலேயே அதன் மூடியைப் பார்த்து ஒரு சீ. ஒரு நாளைக்கு நூறு தேறும்.

இப்படிப்பட்ட மனுஷன் பூக்கடையிலோ நகைக்கடையிலோ உட்கார்ந்திருக்க வேண்டியவர். தலையெழுத்து, வந்து சேர்ந்த இடம் பழைய ராணுவச் சாமான்களைப் புதுசாக்கித் தரும் ஷெட். சண்டையெல்லாம் முடிந்து அறுபது எழுபது வருஷம் காட்டிலும் கிடங்கிலும் கிடந்த ஜீப், தண்ணீர் வண்டி, பீரங்கி, எது வந்தாலும் அதைப் பிரித்து, அழுக்கெடுத்து, துருவெடுத்து, அடிப்பூச்சாகப் பிரைமர் அடித்து, மேலே பச்சை பூசிக் கொடுப்பார்கள். பிரைமரும் பச்சையும் அவர் பொறுப்பு. முப்பத்தொரு வருஷமாக அதே வேலை.

அந்த அருவருப்புதான் அவருக்குச் சோறு போட்டது என்பதையும் சொல்லிவிட வேண்டும். இரும்பில் ஒரு பொட்டு எண்ணெய்ப் பசை இருந்தாலும் பிரைமர் அதன்மேல் உட்காராது. மற்றவர்கள் தின்னரில் நனைத்த துணியால் இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு அடிக்கத் தொடங்குவார்கள். அவர் வெள்ளைத் துணியால் துடைப்பார். துணி அழுக்கானால் அதை வீசிவிட்டு அடுத்தது. துணி வெள்ளையாகவே திரும்பி வரும்வரைக்கும் துடைப்பார். அதற்குப் பிறகு கடைசியாக ஒன்று செய்வார். கையுறையைக் கழற்றிவிட்டு வெறும் உள்ளங்கையால் தகடு முழுக்கத் தடவிப் பார்ப்பார். கண்ணுக்குத் தெரியாத மணல், தூசி, பிசிறு எல்லாம் உள்ளங்கைக்குத் தெரியும் என்பது அவர் கணக்கு. அவர் துடைத்த இரும்பை அவரைத் தவிர வேறு யாரும் தொடக்கூடாது. தொட்டவனை அன்றைக்குச் சாயங்காலம் வரைக்கும் வாயாலேயே தோலுரிப்பார்.

இந்தச் சுபாவம் எங்கிருந்து வந்தது என்றால், பிறந்த வீட்டிலிருந்து. ஆறு பிள்ளைகளில் அவர் கடைசி. அந்த வீட்டில் ஞாயிற்றுக்கிழமை ஒரே ஒரு அண்டாவில் வெந்நீர் வைப்பார்கள். மூத்தவன் முதலில் குளிப்பான். அதே தண்ணீரில் அடுத்தவன். பிறகு இரண்டு அக்காக்கள். பிறகு இன்னொரு அண்ணன். கடைசியாக இவர் இறங்கும்போது தண்ணீர் சாம்பல் நிறத்தில் இருக்கும், மேலே ஐந்து பேருடைய முடியும் மிதக்கும். பத்து வயது வரைக்கும் ஐந்து பேர் அழுக்கில் குளித்தவர், அதற்கப்புறம் சாகிறவரைக்கும் கை கழுவினால்தான் என்ன தப்பு என்று அவருடைய பெண்டாட்டியே அவருக்குப் பரிந்து பேசியிருக்கிறாள். இருபது வயதில் லாரிக் கதவு சாத்தி வலதுகை மோதிர விரலில் பாதி போனபோது, விழுந்த துண்டைக் கூட இருந்தவர்கள் குனிந்து தேடினார்கள். அவர் மட்டும் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. தன் விரல்தான், ஆனாலும் தரையில் விழுந்ததாயிற்றே.

ஷெட் முதலாளி அவருடைய மச்சினன், பெண்டாட்டியின் தம்பி. அங்கே உப்புத்தாள் தேய்க்கிறவள் அவருடைய அண்ணி, அந்த அண்டாவில் முதலாவதாகக் குளித்த மூத்த அண்ணனின் பெண்டாட்டி. அண்ணன் திடீரென்று போய்ச் சேர்ந்து பதினோரு வருஷம். இரண்டு பெண் பிள்ளைகளோடு நின்றவளைக் கொழுந்தன் பெண்டாட்டி தன் தம்பியிடம் சொல்லி ஷெட்டில் சேர்த்துவிட்டாள். வளைத்துப் பார்த்தால் முதலாளிக்கும் அண்ணிக்கும் பெரிய உறவில்லை. ஆனால் 'அக்கா' என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு உறவாகிவிட்டது. மூத்தவளை நர்சுக்குப் படிக்க வைத்ததும், இளையவள் இப்போது கடைசி வருஷம் படித்துக்கொண்டிருப்பதும் அந்த உப்புத்தாளைத் தேய்த்துத்தான்.

அண்ணியிடம் எல்லாம் நல்லதுதான், அவருக்குப் பிடிக்காதது அவள் தலை. எண்ணெயை வழிய வழிய வைப்பாள். காது மடல் பளபளக்கும். அவள் உட்கார்ந்த முக்காலியில், சாய்ந்த தூணில், எங்கும் அந்தப் பிசுக்கு ஒட்டியிருப்பதாக அவருக்குத் தோன்றும். அவள் எதையாவது நீட்டினால் இரண்டு விரலால் வாங்குவார். அவளும் கண்டும் காணாததுபோல் இருந்துவிடுவாள்.

அந்த வருஷம் வந்தது ஒரு பீரங்கி. பழைய ராணுவச் சாமான் சேர்க்கிற பணக்காரர் ஒருவர் எங்கிருந்தோ தேடிப் பிடித்து அனுப்பியிருந்தார். அதைப் பிரித்த வாரம் சீச்சீக்குச் சாப்பாடே இறங்கவில்லை. குழாயின் வாயில் கிரீஸ் காது அழுக்கு மாதிரி இறுகிக் கிடந்தது. அடியில் எலி குடும்பம் நடத்திக் காலிசெய்துவிட்டுப் போயிருந்தது. போகாதவை இரண்டு காய்ந்து தகடாகிக் கிடந்தன. பெயிண்ட் மட்டும் ஏழு படலம். பச்சை, மண் நிறம், சாம்பல், மறுபடி பச்சை என்று ஒவ்வொருத்தனும் முன்னவன் அழுக்கின்மேலேயே பூசியிருந்தான். குளிக்காமல் சட்டைமேல் சட்டை போட்டுக்கொள்கிற ஜாதி என்று அவர் திட்டினார்.

எல்லாவற்றுக்கும் மேல், சுடுகிறவன் உட்காரும் இருக்கையின் அடியில் ஒரு சூயிங்கம். எந்தக் காலத்திலோ எந்தச் சிப்பாயோ மென்று ஒட்டியது. அதன்மேல் நாலு தடவை பெயிண்ட் அடித்திருந்தார்கள். சுரண்டி எடுத்துப் பார்த்தால் உள்ளே பல் பதிந்த தடம் அப்படியே இருந்தது. அவர் வெளியே ஓடிப்போய் சுவரைப் பிடித்துக்கொண்டு ஓங்கரித்தார்.

மறுநாள் அந்தப் பணக்காரர் வந்தபோது வெல்டர் இதை வேடிக்கையாகச் சொல்லிவிட்டான். மனுஷன் பதறிப்போனார்.

"அதை ஏன் எறிஞ்சீங்க? எங்க போட்டீங்க?"

"குப்பையிலதான் சார். வேற எங்க போடுவாங்க?"

நல்ல சட்டையோடு குப்பைத் தொட்டியில் கையை விட்டுக் கிளறி, அந்தச் சூயிங்கத்தை எடுத்துக் கைக்குட்டையில் மடித்து வைத்துக்கொண்டார். "இதுல ஒரு மனுஷன் இருக்கான்ங்க" என்றார். சீச்சீ அன்றைக்கும் சாப்பிடவில்லை.

போகும்போது அந்தப் பணக்காரர், "அடுத்த வாரம் சனிக்கிழமை வர்றேன். முன்னாடி இருக்கிற கேடயத் தகடு முழுசா பச்சையாகி இருக்கணும். பளபளப்பு கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனார். கேடயத் தகடு என்பது சுடுகிறவனை மறைக்க பீரங்கியின் முன்னால் நிற்கும் பெரிய இரும்புப் பலகை. ஆள் உயரத்துக்கு இருந்தது. பார்க்கிறவன் கண்ணில் முதலில் படுவது அதுதான்.

திங்கட்கிழமை அதற்குப் பிரைமர் அடித்தார். சிவப்புப் பிரைமர் படர்ந்து முடியுமுன்பே கண் விழுந்தது. பெயிண்ட் வேலையில் அதைவிட அசிங்கம் கிடையாது. ஈரப் பூச்சு சின்னச் சின்ன வட்டமாக ஒதுங்கிக்கொள்ளும். நடுவில் இரும்பு வெறுமனே தெரியும். இங்கே ஒன்று, அங்கே ஒன்று என்று தகடு பூராவும் நூற்றுக்கணக்கில், சொறி வந்த தோல் மாதிரி. முப்பத்தொரு வருஷத்தில் அவர் கையில் இப்படி வந்ததே இல்லை.

பெயிண்ட் கடைக்காரரிடம் போய்க் கேட்டார். அவர் பல் குத்திக்கொண்டே சொன்னார்: "பசைங்க. தலை எண்ணெய், களிம்பு, மெழுகு, இப்படி ஏதோ ஒண்ணு உள்ள வருது. சாதா எண்ணெய்னா தின்னருக்குப் போயிரும். இப்ப களிம்புல எல்லாம் சிலிக்கான் போடுறான். அது போகாது. துடைச்சா இன்னும் பரவும். அதுக்குன்னு தனி மருந்து இருக்கு, அதுல கழுவணும். யார்கிட்ட இருந்து வருதுன்னு தேடுங்க."

இத்தனை சொன்னதில் சீச்சீ காதில் விழுந்தது தலை எண்ணெய் ஒன்றுதான்.

தகட்டைச் சுரண்டி, மறுபடி துடைத்து, புதன்கிழமை இரண்டாம் தடவை அடித்தார். மறுபடி கண். அவர் பெயிண்ட் அடிக்கிற துப்பாக்கியைத் தொங்கவிட்டுவிட்டு நேராக அண்ணியின் முக்காலிக்குப் போனார்.

"அண்ணி, உங்க தலையில இருந்துதான் வருது."

அண்ணி உப்புத்தாளை நிறுத்தவில்லை. "எது?"

"எண்ணெய். பெயிண்ட் கடையில கேட்டுட்டேன். உங்க பிசுக்கு இந்த ஷெட்டு பூரா இருக்கு. தொடவே கூசுது."

"என் தலை வாசல்ல இருக்கு. உங்க பெயிண்ட் ரூம் அந்தக் கோடியில இருக்கு. எண்ணெய்க்குக் கால் முளைச்சு நடந்து வந்துச்சா தம்பி?"

"காத்துல வரும்."

"பதினோரு வருஷமா வராத காத்து."

வெல்டர் சிரித்தான். அது அவருக்கு இன்னும் ஏறிவிட்டது. மச்சினனிடம் போய், ஒன்று அந்தத் தலை இங்கே இருக்க வேண்டும், இல்லை நான் இருக்க வேண்டும் என்றார். மச்சினன் தலையைச் சொறிந்தான். பெயிண்ட் அடிக்க வேறு ஆள் கிடையாது. உப்புத்தாள் தேய்க்க நாளைக்கே ஆள் கிடைக்கும். அவன் அண்ணியிடம் போய்த் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினான்.

"அக்கா, சனிக்கிழமை அவர் வர்றார். நீங்க நாளைக்கு வராதீங்க. நீங்க இல்லாம ஒரு தடவை அடிச்சுப் பார்க்கிறோம்."

"சுத்தமா வந்துட்டா?"

அவன் செருப்பு நுனியால் தரையைச் சுரண்டினான்.

"வந்துட்டா வேற இடம் பார்க்கணும், அதானே? வாய் விட்டுச் சொல்லு. நான் ஒண்ணும் அழமாட்டேன்." அவள் கையை உதறிக்கொண்டு எழுந்தாள். "சின்னவளுக்கு இன்னும் ஒரு வருஷம் பாக்கி இருக்குன்னு மட்டும் ஞாபகம் வச்சுக்க."

அவள் போன பிறகு சீச்சீ அந்த முக்காலியைப் பழைய துணியால் பிடித்துத் தூக்கிக்கொண்டுபோய் வெளியே வெயிலில் போட்டார். அவள் தொங்கவிட்டிருந்த துண்டைக் குச்சியால் எடுத்தார். தூணைச் சோப்புப் போட்டுக் கழுவினார். அன்று மாலை தகட்டை அவரே சுரண்டி, அவரே உப்புத்தாள் தேய்த்து, வெறும் இரும்பாக்கி வைத்துவிட்டுப் போனார்.

வியாழக்கிழமை வழக்கம்போல் எழுந்தார், குளித்தார், பெண்டாட்டி கொடுத்த களிம்பைக் கையில் தேய்த்துக்கொண்டார். அது இரண்டு வாரத்துப் பழக்கம். தின்னரும் சோப்பும் தின்று தின்று அவர் உள்ளங்கை பாளம் பாளமாக வெடித்திருந்தது. "படுத்தா போர்வை நூலெல்லாம் உங்க கையில மாட்டி வருது" என்று அலுத்துக்கொண்டு, அவர் பெண்டாட்டி எங்கேயோ வாங்கிய குழாய் அது. பூ வாசனை. பிசுக்கே இல்லாமல் தோலுக்குள் போய்விடும். அதனால்தான் அவருக்கே அது பிடித்திருந்தது.

ஷெட்டில் அன்றைக்கு அவர் துடைத்ததுபோல் ஆயுசில் துடைத்ததில்லை. ஒன்பது துணி. ஒன்பதாவது துணி கடையில் வாங்கியபோது இருந்ததைவிட வெள்ளையாக இருந்தது. இனி இதில் எவன் அழுக்கும் கிடையாது என்று ஒரு நிம்மதி. கையுறையைக் கழற்றினார். நேற்றே தேய்த்த தகடு, முழுக்கத் தடவ வேண்டிய அவசியமில்லை என்று, நடுவில் ஒரே ஒரு தடவை உள்ளங்கையை அழுத்தி வைத்து எடுத்தார். கையுறையை மாட்டிக்கொண்டு, துப்பாக்கியை எடுத்து மேலிருந்து கீழாக அடித்தார்.

ஓரமெல்லாம் சிவப்பு வழவழவென்று உட்கார்ந்தது. மேலே ஒரு கண் இல்லை. கீழே இல்லை. அவர் உதட்டைச் சுழித்து, "பார்த்தீங்களா" என்று இல்லாத அண்ணியிடம் சொன்னார்.

அப்போதுதான் நடுவில் ஒதுங்கத் தொடங்கியது. ஒரு கண், பக்கத்தில் ஒன்று, பத்து, இருபது. எல்லாம் ஒரே இடத்தில். அவர் இரண்டடி பின்னால் நகர்ந்து பார்த்தார். உள்ளங்கை. கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடு விரல். மோதிர விரல் பாதியில் நின்றது. சுண்டு விரல்.

கம்ப்ரஸர் ஓடிக்கொண்டே இருந்தது. அவர் கையுறையை உருவி, கையை மூக்குக்குக் கொண்டுபோனார். தின்னர் வாடைக்கு அடியில் பூ வாசனை. எலியைப் பார்த்தபோதும் சூயிங்கத்தைப் பார்த்தபோதும் வெளியே ஓட முடிந்தது. இப்போது ஓடினாலும் அந்தக் கை கூடவே வரும்.

மச்சினன் வெளியே போனில் பேசிக்கொண்டிருந்தான். வெல்டர் முகமூடிக்குள் இருந்தான். யாரும் பார்க்கவில்லை. ஒரு துணி, கொஞ்சம் தின்னர், ஒரே இழுப்பு. பிறகு அண்ணியின் பிசுக்கு இன்னும் போகவில்லை என்று சொன்னால் கேட்கிறவன் கேட்டுக்கொள்வான். துணியை நனைத்தே விட்டார். தகட்டருகே கொண்டுபோனவர் அப்படியே நின்றார். கடைக்காரர் சொன்னது இப்போதுதான் முழுசாகக் காதில் விழுந்தது. அது போகாது. துடைத்தால் இன்னும் பரவும். திங்கட்கிழமையும் புதன்கிழமையும் தகடு பூராவும் கண் விழுந்தது ஏன் என்பதும் விளங்கிவிட்டது. பூரா இடத்தையும் ஆசை ஆசையாகத் தடவியவர் அவர்தானே. இத்தனை நாளும் வெள்ளைத் துணியை வைத்துக்கொண்டு அவர் தன் அழுக்கையே பூசிக்கொண்டிருந்தார்.

துணியை வாளியில் போட்டார்.

"மாப்ள, இங்க வா."

மச்சினன் வந்து பார்த்தான். "யாரோ கை வச்சிருக்காங்க மச்சான்."

"யாரோ இல்ல" என்று தன் கையை விரித்துப் பக்கத்தில் காட்டினார்.

மச்சினன் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான். சிரிக்கலாமா என்று யோசித்து, வேண்டாம் என்று விட்டுவிட்டான். "சரி, அக்காகிட்ட யார் சொல்றது?"

"அசிங்கம் பண்ணவன்தான் சொல்லணும்."

அண்ணி வீடு மூன்றாவது மாடியில். படிக்கட்டு முழுக்க யார் யாரோ சமைத்த நாற்றம்; கைப்பிடிச் சுவரைத் தொடாமல் ஏறினார். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"வாங்க. உட்காருங்க. நாற்காலியைத் துடைக்கணும்னா துணி தர்றேன்."

அவர் நின்றபடியே ஒன்று விடாமல் சொன்னார். களிம்பு, பூ வாசனை, ஒன்பது துணி, பாதி விரல். அண்ணி மடிப்பதை நிறுத்தவில்லை. முடிந்ததும், "கையைக் காட்டுங்க" என்றாள். முகர்ந்து பார்த்தாள்.

"வாசனை நல்லாத்தான் இருக்கு."

அவள் உள்ளே போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தாள். டம்ளரில் அவள் விரல் தடம் எண்ணெயாகப் படிந்திருந்தது.

"உங்க அண்ணன் போன அன்னிக்கு இந்த வீட்டுக்கு வந்தீங்க. நாக்கு வறண்டு போய் நின்னீங்க. நான் குடுத்த தண்ணியை அப்படியே வச்சுட்டு, கீழ கடையில போய் வாங்கிக் குடிச்சீங்க. நான் ஜன்னல்ல இருந்து பார்த்தேன். அன்னிக்குக் கூட நான் ஒண்ணும் சொல்லல."

அவர் டம்ளரை எடுத்தார். அண்ணாந்து வாயைத் திறந்தார்.

"வாய் வச்சுக் குடிங்க தம்பி."

கண்ணை மூடிக்கொண்டு வாய் வைத்துக் குடித்தார். பாதியில் இரண்டு தடவை நிறுத்தினார். ஆனாலும் அடி வரைக்கும் குடித்துவிட்டுத்தான் வைத்தார். அவர் முகத்தைப் பார்த்து அண்ணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டாள்.

"தகட்டைத் துடைச்சுட்டீங்களா?"

"இல்ல. அப்படியே இருக்கு."

"நான் பார்க்காம யாரும் தொடக்கூடாது." துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டாள். "என் முக்காலி எங்க?"

"வெயில்ல கிடக்கு."

"அதை நீங்கதான் உள்ள தூக்கிட்டு வரணும். கையால."

தூக்கிக்கொண்டு வந்தார். துணி இல்லாமல். அண்ணி தகட்டின் முன்னால் நின்று அந்தக் கையை நிதானமாகப் பார்த்தாள். வெல்டரும் முகமூடியைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றான்.

"அந்தக் குப்பை கிளறின மனுஷன் பார்த்தார்னா, இதையும் கண்ணாடி போட்டு வைக்கணும்னு சொல்வார்" என்றாள் அண்ணி. "அதுக்கு முன்னாடி தேய்ச்சுடுவோம். இன்னொண்ணு தம்பி. இனிமே கடைசியா கை வச்சுப் பார்க்கிறது நான். உங்க கை உறைக்குள்ளயே இருக்கட்டும்."

அது அவருக்குத் தண்ணீர் குடித்ததைவிடக் கசந்தது. தான் துடைத்த இரும்பின்மேல் அந்தக் கையா. மச்சினனைப் பார்த்தார்; அவன் அவசரமாகப் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டான்.

"சரி அண்ணி" என்றார்.

கடைக்காரர் சொன்ன மருந்தை வாங்கி வந்து தகட்டை அவர் மூன்று தடவை கழுவினார். அண்ணி தேய்த்தாள், அவர் குவளையால் தண்ணீர் ஊற்றினார். வெள்ளிக்கிழமை விடியலில், அவர் கண் முன்னாலேயே முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, அவள் தன் உள்ளங்கையைத் தகட்டில் வைத்து மெதுவாக இழுத்தாள். அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இந்த மூலையில மணல் இருக்கு. துடைங்க."

இருந்தது. துடைத்தார். பிரைமர் அடித்தார். ஒரு கண் விழவில்லை. மத்தியானத்துக்குள் காய்ந்தது, பச்சைக்கு முன்னாலும் அவள் கை வைத்துப் பார்த்தாள், சாயங்காலம் பச்சையும் ஏறியது. சனிக்கிழமை அந்தப் பணக்காரர் வந்து தகட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, பளபளப்பு இல்லை, நல்லது என்றார்.

அவர் போன பிறகு சீச்சீ காலையிலிருந்து மாட்டியிருந்த கையுறையை இழுத்தார். அது வியர்வையில் ஒட்டிக்கொண்டு, சப்பென்று கழன்றது. உள்ளே கை வெளுத்துச் சுருங்கி, தண்ணீரில் ஊறிய எதுவோபோல் இருந்தது. முகர்ந்து பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"சீ."

அண்ணி முக்காலியிலிருந்து திரும்பிப் பார்க்கவில்லை. "அது உங்களுதுதான் தம்பி" என்று சொல்லிவிட்டு அடுத்த தகட்டைத் தேய்க்கத் தொடங்கினாள்.